சக்குபள்ளத்தில் ஒரு வெளியாள்

பாஸ்போர்ட் விசாரணைக்கு ஆள் வரும் என்று நாச்சம்மாள் தினமும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சனிக்கிழமை காலையில் இட்டேரிப் பாதை வழியாக ஒரு ஜீப் வந்து வீட்டு முன்னால் நிற்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. மற்றவர்கள் வீட்டுக்கெல்லாம் ஒரு கான்ஸ்டபிள் சைக்கிளில் வந்து, மோர் குடித்துவிட்டுப் போனதாகத்தான் கேள்வி.

ஜீப்பிலிருந்து இறங்கியவருக்கு யூனிபாரம் இல்லை. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் குடை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் மாதிரி சிரித்துக்கொண்டே வந்தார்.

"அச்சுதன்குட்டின்னு பேரு. போலீஸ்ல ஸ்பெஷல் பிராஞ்ச். பேடிக்க வேண்டாம் மோளே, பயம் எதுக்கு? எனக்குத் தமிழ் வரும். கொழிஞ்சாம்பாறையிலதான் படிச்சேன்."

எலப்புள்ளி நஞ்சப்பன் வீட்டில் இந்த ஒரு வருஷமாக ஒரே பேச்சு, மகள் நாச்சம்மாளின் படிப்பு. சென்னையில் மானிடவியல் எம்.ஏ. முடித்தவளுக்கு மேற்கு ஜெர்மனியில் மேற்படிப்புக்கு உதவித்தொகையோடு இடம் கிடைத்திருந்தது. பல நாட்டுப் பண்பாடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கிற படிப்பு. அடுத்த மாதம் வகுப்பு தொடங்கிவிடும். "அதென்னங்க படிப்பு?" என்று கேட்ட பங்காளிகளிடம் நஞ்சப்பன், "மத்த சனங்க எப்படிப் பொழைக்கறாங்க, எப்படிக் கும்பிடறாங்கன்னு படிக்கறதுங்க" என்பார். "அதுக்குச் செர்மனி போகோணுமாக்கும்? பழனித் தேருக்குப் போனாப் பத்தாதா?" என்று அவர்கள் சிரிப்பார்கள்.

அந்த வீட்டில் பேசாத பேச்சும் ஒன்று உண்டு. நாச்சம்மாளின் தம்பி ஆறுமுகசாமி. கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவன். போன வருஷம் அவசரநிலை வந்த புதிதில், அதை எதிர்த்துச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினான் என்று அவனைத் தேடிப் போலீஸ் வந்தது. ஆள் கிடைக்கவில்லை. பம்பாய்க்கு ஓடிவிட்டான் என்று வீட்டில் சொன்னார்கள். ஊர் நம்பியது. அப்போது சென்னையில் இருந்த நாச்சம்மாளும் நம்பினாள்.

வந்தவர் தம்பியைப் பற்றித்தான் கேட்பார் என்று அவள் நினைத்தாள். அவர் அவன் பெயரையே எடுக்கவில்லை.

"உங்க கட்டுரையை மெட்ராசில இருந்து வரவழைச்சு வாசிச்சேன்" என்றார்.

நாச்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். எம்.ஏ.வுக்காக அவள் எழுதிய கட்டுரை அது. குமுளிப் பக்கம் சக்குபள்ளத்து ஏலத்தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் தங்கி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களைப் பற்றி எழுதியது. இந்த வீட்டில் யாரும் அதைப் புரட்டிப் பார்த்ததில்லை.

"வாசிச்சீங்களா?"

"ரெண்டு தரம். இந்த ஒரே மலையாள ஸ்டேட்டுக்குள்ள இருக்கற ரெண்டு தமிழ்க் கூட்டம், ஒருத்தரை ஒருத்தர் அறியாதுன்னு எழுதியிருக்கீங்க. நல்ல விஷயம்."

நஞ்சப்பன் காபி டம்ளரை அவர் கையில் கொடுத்தார். வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அச்சுதன்குட்டி கேட்டார்:

"ஒரு சந்தேகம். இப்ப உங்க பக்கத்து ஆள் ஒருத்தன் அங்க லயத்துல போய்த் தங்கிட்டான்னு வைங்க. வேஷம், பேரு எல்லாம் மாத்தியாச்சு. கண்டுபிடிக்க முடியுமோ?"

"ஒரே நாள்ல கண்டுபிடிச்சரலாமுங்க" என்றாள் நாச்சம்மாள். பேராசிரியர் முன்னால் பதில் சொல்லும்போது வருகிற வேகம் அவளுக்கு வந்திருந்தது. "நாம ஊடுன்னு சொல்லுவோம், அவங்க வீடும்பாங்க. நம்ம ஆளுக்கு 'ங்க' போடாம வாயே வராது. பேச்சைக் கஷ்டப்பட்டு மாத்திக்கிட்டான்னாக்கூட, கோயில்ல மாட்டிக்குவான்."

"அதெப்படி?"

"பூசையில எப்ப எந்திரிக்கறது, எப்ப முழங்கால் போடறதுன்னு அவங்களுக்குச் சின்னதுல இருந்து பழக்கம். யோசிக்கவே மாட்டாங்க. வெளியாள் பக்கத்துல இருக்கறவங்களப் பாத்து, ஒரு மூச்சு பிந்தித்தான் முழங்கால் போடுவான். நானே அங்க இருந்த வரைக்கும் அப்படித்தான் போட்டேன்."

"கண்ணு, போதும்" என்றார் நஞ்சப்பன். "அவுருக்கு நேரமாகுது."

"எனக்கென்ன நேரம்?" அச்சுதன்குட்டி சிரித்தார். "சொல்லுங்க மோளே. அந்தச் சனமெல்லாம் ஒரே இடத்துல கூடறது எப்போ?"

"ஞாயித்துக்கிழமை பூசைக்குத்தானுங்க. நாளைக்குன்னா இன்னும் விசேஷம். மாதா திருநாள், சப்பரம் எடுப்பாங்க. பக்கத்துத் தோட்டத்துச் சனமெல்லாம் வரும்."

உள்ளே சமையலறையில் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. அம்மா காளியாத்தாள் அதை எடுத்து வைக்கிற சத்தம் வரவில்லை.

அச்சுதன்குட்டி டம்ளரைக் கீழே வைத்தார். "அங்க ஒரு வெளியாள் இருக்கான்னு தகவல். உங்களுக்கு எல்லா முகமும் தெரியும். திங்கள்கிழமை வண்டி அனுப்பறேன். கூட வந்து, 'இவன் இந்தக் கூட்டத்து ஆள் இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும். உங்க பாஸ்போர்ட் காகிதம் என் மேசைமேலதான் இருக்கு."

அப்போதுதான் நாச்சம்மாளுக்கு அவர் எதற்கு வந்தார் என்று புரிந்தது.

"நான் அவங்களைப் படிக்கப் போனேனுங்க. காட்டிக்கொடுக்க இல்லீங்க."

"ரெண்டுக்கும் உத்துப் பாக்கறதுதானே வேலை?" என்றார் அவர். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "காபி பிரமாதம்."

ஜீப் இட்டேரியைத் தாண்டிச் சத்தம் அடங்கியது.

பிறகு காளியாத்தாள் வெளியே வந்தாள். கையில் இன்னும் கரண்டி இருந்தது.

"அத்தனையும் ஒண்ணு விடாமச் சொல்லியுட்டயே, சாமி" என்றாள்.

"எதை?"

"உன்ற தம்பி பம்பாய்ல இல்ல."

நாச்சம்மாள் அப்பாவைப் பார்த்தாள். நஞ்சப்பன் தலையைக் குனிந்துகொண்டார். எங்கே இருக்கிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

"வேதமுத்து அண்ணன் ஊட்டுலயா?"

நஞ்சப்பன் தலையை ஆட்டினார். "பொங்கலுக்கு ஏலக்கா கொண்டாந்து குடுத்துட்டுப் போக வந்தாரல்ல, அப்பக் கேட்டேன். 'ஒங்க பிள்ளை எங்க பிள்ளை'ன்னாரு மனுசன். மறு பேச்சில்ல. அதுவரைக்கும் தோட்டத்துச் சாளையில ஒளிஞ்சு கெடந்தவன, அன்னிக்கே கூட்டிட்டுப் போய்ட்டாரு."

"எனக்கு ஏனுங்கப்பா சொல்லல?"

"தெரிஞ்சா உன்ற மூஞ்சியே சொல்லிப்போடும்" என்றாள் அம்மா. "தெரியாம இருந்தா நல்லதுன்னு நெனச்சோம். இப்பிடி வரும்னு கண்டமா?"

நாச்சம்மாள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். சக்குபள்ளத்தில் அவளுக்கு லயத்தில் பாதி அறையைத் தடுத்துக் கொடுத்த குடும்பம் அது. வேதமுத்து ஏலக்காய் ஸ்டோரில் காவல். மனைவி கத்தரீனாள் மழை நாளில் அவளுக்கென்று தனியாக வெந்நீர் வைப்பாள். மகள் இன்பமேரி அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, கடைசியில் "எங்களைப் பத்தி எழுதி என்னக்கா செய்யப்போறீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணும் செய்யமாட்டேன், தெரிஞ்சுக்கறதுக்குத்தான்" என்று சொல்லியிருந்தாள் நாச்சம்மாள்.

"தந்தி அடிக்கலாமா?" என்றாள் காளியாத்தாள்.

"ஆபீசுல படிச்சுட்டுத்தானம்மா அனுப்புவாங்க. எஸ்டேட்டுக்குப் போன் பண்ணுனாலும் கிளார்க்குதான் எடுப்பாரு." எழுந்தாள். "நான் போறேன். இன்னிக்கே."

"நீ எங்கயும் போகப்படாது" என்றார் நஞ்சப்பன். அவர் குரல் உயர்ந்து இதற்கு முன் அவள் கேட்டதே இல்லை. "நீ கெளம்புனா உன்ற பொறகாலயே வருவாங்க. திங்கக்கெழமை வரைக்கும் டைமு இருக்குது. நான் போயிட்டு வந்தர்றேன்."

"பழனியைத் தாண்டி நீங்க போனதில்லையேப்பா."

"வாயில்லையா? கேட்டுக்கிட்டுப் போறேன்."

பொள்ளாச்சி, பழனி, தேனி, கம்பம், குமுளி. அவள் சொல்லச் சொல்ல அவர் திருப்பிச் சொன்னார். விடிவதற்குள் குமுளி போய்விடலாம். அங்கிருந்து சக்குபள்ளத்துக்கு ஜீப்புகள் ஆள் ஏற்றிக்கொண்டு போகும். ஏலக்காய் ஸ்டோர் வேதமுத்து என்றால் யாரும் வழி காட்டுவார்கள்.

"பூசைக்கு முன்னாடி போயிருங்கப்பா" என்றாள் கடைசியாக. ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த மனுஷர் திங்கட்கிழமை என்றுதானே சொன்னார்?

நஞ்சப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வரப்பு வழியாகவே ரோட்டுக்கு நடந்தார்.

* * *

சக்குபள்ளத்தில் அன்று பகல் மழை விட்டிருந்தது. மாதா கோயில் முன்னால் இளைஞர்கள் கலர் காகிதத் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஏணி மேல் நின்றவனை எல்லாரும் சூசை என்று கூப்பிட்டார்கள். ஆறுமுகசாமிக்கு இப்போது அந்தப் பெயருக்கு உடனே திரும்பிப் பார்க்க வந்துவிட்டது.

"ஏ சூசை, எறங்கு. சாமியார் கூப்பிடுதாரு" என்றாள் கத்தரீனாள்.

"என்னத்துக்குங்க?"

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த இன்பமேரி அண்ணாந்து முறைத்தாள். "ங்க."

"என்னத்துக்கு?" என்று திருத்திக்கொண்டு இறங்கினான்.

பங்குச் சாமியார் சுருக்கமாகச் சொன்னார். நாளைக்குச் சப்பரம் தூக்க முன்பக்கம் உயரமான ஆள் வேண்டும். தூக்க வேண்டிய சுவக்கீனுக்குக் காலில் வெட்டு. "நீதான் முன்னால நிக்கணும் சூசை."

ஆறுமுகசாமி கத்தரீனாளைப் பார்த்தான். அவள் அவனைத் தோரணத்துக்கு அந்தப் பக்கம் அழைத்துக்கொண்டு போனாள்.

"எனக்குப் பயமா இருக்குது அம்மா. நாலு தோட்டத்துச் சனமும் பாக்கும்."

"பாக்கத்தான் செய்யும். வேண்டாம்னு சொன்னா, ஏன் வேண்டாம்னான்னு அந்த நாலு தோட்டமும் பேசும். எது நல்லதுன்னு நீயே சொல்லு." தன் முந்தானையால் அவன் நெற்றியில் ஒட்டியிருந்த காகிதத் தூளைத் துடைத்துவிட்டாள். "மாதா தோள்ல இருக்கையில ஒனக்கு ஒண்ணும் வராதுய்யா. பயப்படாத."

எட்டு மாதமாக இந்த ஜனங்கள் சோறு போட்டிருக்கிறார்கள். யார் எவர் என்று வேதமுத்து வீட்டைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாமலேதான் முன்வரிசையில் நிற்கக் கூப்பிடுகிறார்கள்.

"சரி, தூக்கறேன்" என்றான்.

சாமியார் கேட்டுச் சந்தோஷப்பட்டார். பையன்கள் அவனைச் சப்பரத்துக்கு அடியில் நிறுத்தி, தோள் உயரம் அளந்து பார்த்தார்கள்.

* * *

எலப்புள்ளியில், நஞ்சப்பன் போய்க் கொஞ்ச நேரத்துக்கெல்லாம், அந்த ஜீப் மறுபடி வந்தது.

காளியாத்தாள் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தாள். நாச்சம்மாள்தான் வாசலுக்கு வந்தாள்.

"பிளான் மாறிப்போச்சு மோளே" என்றார் அச்சுதன்குட்டி, இறங்காமலே. "திங்கட்கிழமை எதுக்குன்னு யோசிச்சேன். நாளைக்குச் சப்பரம், எல்லாச் சனமும் வரும்னு நீங்கதானே சொன்னீங்க? நேராப் போய்க் கூட்டத்துல கண்ணு வெச்சு நின்னாப் போதும். ஒரு புடவை எடுத்துக்குங்க. குமுளியில ஒரு டீச்சரம்மா வீட்டுல உங்களுக்குத் தங்க ஏற்பாடு பண்ணியாச்சு. மரியாதைக்குக் குறைவு வராது."

"அப்பா ஊட்டுல இல்லீங்க. கேட்காம நான்..."

"எங்க போயிருக்காரு?"

"பொள்ளாச்சிச் சந்தைக்கு" என்றாள் காளியாத்தாள், பின்னாலிருந்து.

அச்சுதன்குட்டி அவள் பக்கம் திரும்பினார். "சந்தை வியாழக்கிழமை அல்லவா அம்மா?"

முற்றத்தில் ஒரு காக்கை வடகத்தைக் கொத்தியது. யாரும் விரட்டவில்லை.

"சந்தைக்கில்லீங்க" என்றாள் நாச்சம்மாள். "பொள்ளாச்சியில அத்தை ஊடு இருக்குது. எனக்கு மாப்பிள்ளை பேசறதுக்குப் போயிருக்காரு. ஜெர்மனிக்குப் போறதுக்கு முன்னாடி முடிச்சுப்போடோணும்னு. அம்மா வெளிய சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டுச் சந்தைன்னு சொல்றாங்க."

"நல்ல காரியம்" என்றார் அவர். "நல்ல காரியத்துக்குப் போனவரை நாம தொந்தரவு பண்ண வேண்டாம். நீங்க புறப்படுங்க."

உள்ளே பையில் புடவையைத் திணிக்கும்போது அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகாதடி. ஒடம்பு சரியில்லைன்னு படுத்துக்கோ. செர்மனியும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்."

"நான் படுத்துக்கிட்டா அவரு போகாம இருந்துருவாரா? தனியாப் போவாரு. எதைப் பாக்கோணும்னு காலையிலயே சொல்லிக்குடுத்துட்டனே." அவள் குரல் உடைந்தது. "நான் கூடப் போனா, இவன் அந்த ஊர் ஆளுதான்னு சொல்றதுக்கு ஒரு வாயாவது இருக்கும்."

"அவன் உன்னையப் பாத்ததும் அக்கான்னு கூப்புட்டுப்போட்டான்னா?"

நாச்சம்மாள் அம்மாவின் கையை மெல்ல விலக்கிவிட்டு வெளியே வந்து, ஜீப்பின் பின் சீட்டில் ஏறிக்கொண்டாள்.

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம் தாண்டி வண்டி பொள்ளாச்சி ரோட்டைப் பிடித்தது. அச்சுதன்குட்டி முன் சீட்டில் உட்கார்ந்து, அவள் கட்டுரையைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். அந்தச் சனங்கள் செத்தவர்களைப் புதைக்கிற இடத்தில் ஏலச்செடி வைக்கமாட்டார்களாமே, ஏன்? பெண் கொடுத்து எடுப்பது எந்தெந்தத் தோட்டத்தோடு? வேதமுத்து என்கிறவர் எப்படி, வெளியாட்களை வீட்டில் சேர்க்கிற சுபாவமா?

கடைசிக் கேள்விக்கு மட்டும் அவள் உடனே பதில் சொன்னாள்.

"எனக்கு மட்டும் இடம் குடுத்தாங்க. அதுவும் சாமியார் சொன்னதால" என்றாள்.

"ஆயிக்கோட்டே, இருக்கட்டும்" என்றார் அவர். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அது அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

அவள் மனசில் ஒரே கணக்குதான் ஓடியது. அப்பாவின் பஸ் முன்னால் போய்விட்டது. ஆனால் பஸ் ஊர் ஊராக நிற்கும். பழனியில் இறங்கி வேறு பஸ் பிடிக்க வேண்டும். கிடைக்குமோ, கிடைக்காதோ. ஜீப் எங்கும் நிற்கவில்லை.

உடுமலை ரோட்டில் புளியமர வரிசை தொடங்கிய இடத்தில், முன்னால் ஒரு பஸ் புகை கக்கிக்கொண்டு போயிற்று. டிரைவர் ஹாரன் அடித்தார். பஸ் ஒதுங்கியது. ஜீப் அதன் பக்கமாக ஏறியது.

கடைசி ஜன்னலில் ஒரு கிழவி. அடுத்ததில் தூங்குகிற குழந்தை. அதற்கடுத்த ஜன்னலில் நஞ்சப்பன்.

அவர் ஜீப்பைப் பார்த்தார். பின் சீட்டில் மகளைப் பார்த்தார். சீட்டிலிருந்து பாதி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு!" என்று அவர் கத்தியது அந்தச் சத்தத்திலும் அவளுக்குக் கேட்டது.

நாச்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தப் பக்கத்துச் சோளக்காட்டைப் பார்த்தபடி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"யாரோ உங்களைக் கூப்பிடற மாதிரி இருந்துதே" என்றார் அச்சுதன்குட்டி, திரும்பாமல். "தெரிஞ்சவங்களோ?"

"இல்லீங்க" என்றாள்.

காலையில் நஞ்சப்பன் கையால்தான் அச்சுதன்குட்டி காபி வாங்கிக் குடித்திருந்தார். முன்னால் இருந்த கண்ணாடியில் சிறிதாகிக்கொண்டே போகிற பஸ்ஸை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அது வளைவில் மறைகிற வரை பார்த்தார்.

பிறகு டிரைவரின் தோளைத் தட்டி, "இன்னும் கொஞ்சம் வேகமாப் போ. அந்தப் பஸ்ஸுக்கு முந்தி நாம அங்க இருக்கணும்" என்றார்.